பதினாறு லட்சத்துக்கு ஒரு காது

சுருளிப்பட்டி சுருளிவேலுக்குப் பொறாமைக்குணம் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். பக்கத்துத் தோட்டத்தில் திராட்சை கூடுதலாகக் காய்த்து அவர் வருத்தப்பட்டதில்லை. எதிர்வீட்டுக்காரர் கார் வாங்கியபோது டயருக்கு வைக்க எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அவருக்கு வயிறு எரிந்ததெல்லாம் உலகத்தில் ஒரே ஒரு ஆளைப் பார்த்துத்தான். கம்பத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் தமிழ்மாறன் ஒரு புதுச்செருப்பு போட்டுவந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

தமிழ்மாறன் அவருடைய சகலை. மனைவி மாரீஸ்வரியின் தங்கை புருசன். மாமனார் வீட்டில் இரண்டு மருமகன்களுக்கும் ஒரே அளவு இலைதான் போட்டார்கள். ஆனாலும் பெரிய கறித்துண்டு எந்த இலையில் விழுகிறது என்று இருவருமே கல்யாணம் ஆன நாளிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்தத் தமிழ்மாறனின் மகனுக்கு வெளிநாட்டில் நிரந்தரக் குடியுரிமை கிடைத்துவிட்டது. எந்த நாடு என்று இங்கே சொல்லப்போவதில்லை. பனி பெய்கிற நாடு, அவ்வளவுதான். பெயரைச் சொன்னால் குறித்து வைத்துக்கொள்வார்கள். நமக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

மகன் அங்கிருந்து ஒரு குளிர்கோட்டு அனுப்பியிருந்தான். மெத்தையைத் தைத்து ஜிப் வைத்ததுபோல் இருந்தது. பின்னால் தலைக்குப் போட்டுக்கொள்ள ஒரு குல்லாயும் உண்டு. தமிழ்மாறன் அதை மார்கழியில் போட ஆரம்பித்தார். சித்திரையிலும் கழற்றவில்லை. கம்பம் மெட்டு ரோட்டில் தார் உருகுகிற வெயிலில் கடை வாசலில் குல்லாயோடு உட்கார்ந்து கம்பி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"வேர்க்கலையா சகல?" என்று ஒருநாள் சுருளிவேல் கேட்டார்.

"அங்கன உள்ள சரக்குண்ணே. வெளியே குளிரு அடிச்சா உள்ள சூடு, வெளியே சூடு அடிச்சா உள்ள குளிரு. நம்ம ஊருல இதெல்லாம் எங்க கெடைக்கும்?" என்றார் தமிழ்மாறன். அவருடைய தாடையிலிருந்து வேர்வை சொட்டு சொட்டாகக் கல்லாப்பெட்டியில் விழுந்துகொண்டிருந்தது. சுருளிவேல் கண்ணுக்கு வேர்வை தெரியவில்லை. கோட்டு மட்டும்தான் தெரிந்தது.

சுருளிவேலுக்கு ஒரே மகள், யுவராணி. சென்னையில் கணினி கம்பெனியில் வேலை. அதே நாட்டுக்குப் போக வேண்டும் என்று மூன்று வருடமாக முட்டிமோதிக்கொண்டிருந்தாள். மொழித்தேர்வு பாஸ், படிப்புச் சான்று சரி, மதிப்பெண்ணும் போதும். முப்பது வயதைத் தாண்டினால் அந்த நாட்டுக்காரர்கள் வருடாவருடம் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே வருவார்களாம். அவளுக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. போக வேண்டும் என்று மகளுக்கு ஆசை. மகள் போவதைத் தமிழ்மாறன் பார்க்க வேண்டும் என்று அப்பாவுக்கு அதைவிடப் பெரிய ஆசை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலைதான். தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்சி நடத்தும் ஜெஸ்லின் என்ற பெண்ணிடம் அது என்னவென்று கேட்கச் சுருளிவேல் போனார்.

"பேங்க்ல பதினாறு லட்சம் இருக்கணும் அங்கிள். ஆறு மாசம் அசையாம இருக்கணும்" என்றாள் ஜெஸ்லின்.

"அந்தப் பணத்த அவுகளுக்குக் கட்டணுமாம்மா?"

"அய்யோ, அவங்களுக்கு உங்க பணம் வேணாம். உங்ககிட்ட இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்."

"தெரிஞ்சு என்ன செய்வாக?"

"பணம் தேவைப்படாத ஆளுன்னு நம்புவாங்க. தேவைப்படுற ஆளை உள்ள விடமாட்டாங்க."

"பணம் தேவைப்படாதவ எதுக்கும்மா அம்புட்டுத் தொலவு வேலைக்குப் போறா?"

ஜெஸ்லின் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டம் கணினியில் இல்லை என்பதுபோல் திரையைப் பார்த்தாள்.

சுருளிவேல் விடவில்லை. ஒன்றரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது, இன்றைய விலைக்கு அதுவே கோடி பெறும் என்றார். நிலம் கணக்கில் வராது, அவசரத்துக்கு அதை எடுத்துக்கொண்டு விமானத்தில் ஏற முடியாது என்றாள். நகை? அது உணர்ச்சி சம்பந்தப்பட்ட சொத்து, விற்க மனசு வராது என்று அந்த நாட்டுக்காரர்கள் கருதுகிறார்கள் என்றாள். கொடியில் தொங்குகிற திராட்சை? "அது பழம் அங்கிள்" என்றாள்.

"என் சகல எப்பிடிம்மா காட்டுனான்?"

"அது கஸ்டமர் ரகசியம். உங்களுக்கு வேணும்னா ஒரு வழி இருக்கு. வாடகைக்குப் பணம் தர்றவங்க இருக்காங்க. ஆறு மாசம் உங்க கணக்குல குடியிருக்கும். மாசாமாசம் வாடகை. முடிஞ்சதும் காலி பண்ணிட்டுப் போயிரும்."

சுருளிவேலுக்குச் சுருக்கென்றது. தமிழ்மாறன் இரும்பு விற்ற சொந்தக் காசைக் கம்பீரமாக வைத்துக் காட்டியிருப்பான். தான் மட்டும் வாடகைக் காசை வைப்பதா? செத்தாலும் முடியாது என்று எழுந்து வந்துவிட்டார்.

வழி சொன்னது மாரீஸ்வரிதான். "கம்பத்துல இருந்து வருசநாடு வரைக்கும் ஒரு விசேசம் விடாம மொய் வச்சீகளே, அதெல்லாம் எங்க போச்சு? ஊரே நமக்குத் தரணும். ஒரு பத்திரிகை அடிச்சாப் போதும்."

உண்மைதான். அந்தப் பள்ளத்தாக்கில் மொய் என்பது ஆளுக்கு ஆள் சுற்றிவருகிற பணம். இன்று வைத்தவனுக்கு நாளைக்குக் கூடப் போட்டுத் திரும்ப வரும். ஆனால் வாங்குகிறவன் வீட்டில் ஒரு விசேசம் வேண்டும். அங்கேதான் சிக்கல். யுவராணி சடங்கு எப்போதோ முடிந்துவிட்டது. கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறாள். புதுவீடு கட்டவும் வழியில்லை. மாரீஸ்வரி யோசித்துக்கொண்டே புருசனைப் பார்த்தாள். பார்வை அவருடைய காதில் வந்து நின்றது.

சுருளிவேலுக்குக் காது குத்தவில்லை. ஐந்து வயதில் குலசாமி கோயிலில் பந்தல் போட்டு, ஆசாரி வந்து, தாய்மாமன் ஒச்சப்பன் சீர்வரிசையோடு வந்து உட்கார்ந்த பிறகு, முதல் சந்தனத்தைச் சுருளிவேலின் அப்பா தவறுதலாக வேறு யாருக்கோ நீட்டிவிட்டார். மாமன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வருசநாட்டுக்கு நடையைக் கட்டியவர்தான். மாமன் மடி இல்லாமல் காது குத்துகிற வழக்கம் இல்லை. அந்தக் காது அப்படியே ஒரு குடும்பச் சண்டையாக இத்தனை வருடம் கிடந்தது.

சுருளிவேல் வருசநாட்டுக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். எண்பதைத் தாண்டிய ஒச்சப்பன் அதை வாங்கி நெற்றி, கழுத்து, நெஞ்சு என்று பூசி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"இம்புட்டு வருசமா எங்கலே போன?"

"தப்புத்தான் மாமா. காது குத்தணும்."

"பேரனுக்கா?"

"எனக்குத்தான் மாமா."

ஒச்சப்பன் மருமகனின் நரைத்த தலையைப் பார்த்தார். "மடியில உக்காருவேல்ல?" என்று மட்டும் கேட்டார்.

கம்பத்தில் பெரிய மண்டபம். ரோட்டோரம் பதாகை. அதில் சுருளிவேல் ஐந்து வயதில் டவுசரோடு நிற்கும் படம், பக்கத்தில் ஐம்பத்து மூன்று வயதில் வேட்டியோடு நிற்கும் படம், நடுவில் 'செல்வன் சுருளிவேல் காதணி விழா'. செல்வன் என்று போடச் சொன்னது அச்சகத்துக்காரர். காதணி விழாவுக்குத் திரு போடுகிற மாதிரி அவரிடம் இல்லையாம்.

மாமன் சீர் மேளத்தோடு வந்தது. ஆட்டுக்கிடாய் மாலை போட்டு நடந்து வந்தது. ஒச்சப்பன் நாற்காலியில் உட்கார, சுருளிவேல் அவர் மடியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வது மரியாதைக்காக. இரண்டு பக்கமும் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஆசாரி வலது காதில் கம்பியை இறக்கினார். மைக் பக்கத்தில் இருந்ததால் சுருளிவேல் போட்ட சத்தம் கூடலூர் வரைக்கும் கேட்டது என்று பேசிக்கொண்டார்கள். இடது காதைக் காட்டவே மாட்டேன் என்று எழுந்துவிட்டார். ஒரு காது குத்தினாலும் விசேசம் விசேசம்தான் என்று மாமன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாமனுக்கும் கால் மரத்துப்போயிருந்தது.

தமிழ்மாறன் கோட்டோடு வந்தார். மொய் வைக்கவில்லை. "இந்தப் பழக்கத்தையெல்லாம் நான் விட்டுட்டேண்ணே. முன்னேறுன நாட்டுல எவனும் எவனுக்கும் மொய் வைக்கிறதில்ல" என்று ஒரு சாக்லேட் பெட்டியைக் கையில் கொடுத்தார். ஆனால் சாப்பிடக்கூடப் போகாமல் கடைசிவரை மொய் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு பெயராக மைக்கில் படிக்கப் படிக்கக் குல்லாய்க்குள் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு விழுகிறது என்று வேவு பார்க்கிறான், நாளைக்குக் கேலி பேசுவான் என்று சுருளிவேலுக்கு ஒரே எரிச்சல். குத்தின காதைவிட அதுதான் வலித்தது.

பிரியாணிச் செலவு போகப் பதினாறு லட்சத்துக்கு மேலேயே நின்றது.

பணத்தைப் பையில் கட்டிக்கொண்டு கம்பத்தில் உள்ள ஒரு வங்கிக்குப் போனார். மேலாளர் ஏசுதாசன் ஒரு நோட்டை எடுத்து மோந்து பார்த்தார். சந்தன வாசனை அடித்தது.

"இவ்வளவு ரொக்கம் எப்படி வந்தது?"

"காது குத்துனேன் சார்."

"எத்தனை பேருக்கு?"

"எனக்குத்தான்" என்று சுருளிவேல் கடுக்கனைக் காட்டினார்.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தப்பா நினைக்காதீங்க. வங்கித்தொழிலே நம்பிக்கையில நடக்குறதுதான். அதனாலதான் நாங்க யாரையும் நம்புறதில்லை. நம்பிட்டா அப்புறம் நம்பிக்கைக்கே மரியாதை போயிரும். இதே பணத்தை நீங்க எங்ககிட்டக் கடனாக் கேட்டிருந்தா, உங்ககிட்ட இல்லைன்னு நிரூபிச்சிருக்கலாம், சுலபம். இருக்குன்னு நிரூபிக்கிறதுதான் கஷ்டம்." பிறகு கணினியில் தேடினார். வருமானம் வந்த வழி என்று ஒரு கட்டம் இருந்தது. சம்பளம், வியாபாரம், ஓய்வூதியம் எல்லாம் இருந்தது. காது இல்லை. 'இதர' என்பதை அழுத்தினார்.

பணம் யுவராணியும் அப்பாவும் சேர்ந்து வைத்திருந்த கணக்கில் போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து சுருளிவேலுக்குக் கேடுகாலம் தொடங்கியது. ஆவணி பிறந்தது, மொய் வைத்தவர்கள் வீடுகளில் எல்லாம் விசேசம் வந்தது. வாங்கினதைத் திருப்பி வைக்க வேண்டும். வங்கியில் ஒரு ரூபாய் குறையக் கூடாது. பதினாறு லட்சத்துக்குச் சொந்தக்காரர் ஐந்நூறு ரூபாய் கைமாற்றுக்கு அலைந்தார். ஒவ்வொரு அறுப்பிலும் திராட்சை விற்ற காசு வீட்டு வாசற்படியைத் தொடாமலேயே மொய் மேசைக்குப் போனது. அதுவும் பத்தாமல் சில விசேசங்களுக்கு வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார். "காசை பேங்க்ல பூட்டி வச்சுக்கிட்டு வவுத்துவலியாம்" என்று ஊரில் பேச்சு வந்துவிட்டது. ஒரு மொய் பாக்கி இல்லாமல் வாழ்ந்த மனுசர். தண்ணீர்க்குழாயடியில் நிற்கக்கூட மாரீஸ்வரிக்குக் கூச்சமாகிவிட்டது.

ஆறு மாதம் முடிந்து விண்ணப்பம் போனது. பதில் வந்தது. ஜெஸ்லின் அதைப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"'இதர' அப்படின்னா என்னன்னு கேட்டிருக்காங்க."

காது என்று விளக்கம் எழுதி, பதாகைப் படத்தையும் வைத்து அனுப்பினார்கள். அதற்கும் பதில் வந்தது. தங்கள் பண்பாட்டைப் பெரிதும் மதிக்கிறோம் என்று தொடங்கியதால் ஜெஸ்லினுக்கே பயம் வந்துவிட்டது. விண்ணப்பதாரரின் தந்தையுடைய உடல் உறுப்பு எதுவும் விற்கப்படவில்லை என்பதற்கு மருத்துவச் சான்று வேண்டும். பணம் கொடுத்த ஒவ்வொருவரும், இது அன்பளிப்பு, எந்தக் காலத்திலும் திருப்பித் தர வேண்டியதில்லை என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மருத்துவர் காதைப் பார்த்துவிட்டு, உறுப்பு உள்ளது, ஓட்டை கூடுதலாக உள்ளது என்று சான்று கொடுத்துவிட்டார். கையெழுத்துதான் கிடைக்கவில்லை.

முதலில் அத்தைமுறையான கஸ்தூரியம்மாள் வீட்டுக்குப் போனார். தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"திருப்பித் தர வேணாம்னு எழுதிக் குடுக்க நான் என்ன ஒனக்குப் பிச்சையா போட்டேன்? எம் பேரனுக்குத் தையில காது குத்துறேன். அதுக்கு மொய் வைக்காம இருக்க இப்பவே பத்திரம் எழுதுறியா?"

"அதில்லத்தே, வைப்பேன். சும்மா கையெழுத்துக்கு..."

"வைப்பேன்னா திருப்பித் தருவேன்னு எழுது. போடுறேன் கையெழுத்து."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எல்லா வீட்டிலும் இதே பதில்தான். சில வீட்டில் காப்பி கூடத் தரவில்லை. ஒச்சப்பன் மாமா தாளையே தொடவில்லை. "தாய்மாமன் சீருக்கு ரசீது கேக்குறானா? அந்த நாட்டுல எவனுக்கும் மாமனே கெடையாதாலே?" என்று கேட்டார். பாவம், அவருக்கு அந்த நாட்டுக்காரர்கள் மேல் உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது.

யுவராணி போனில் விசயத்தைக் கேட்டாள். "பரவாயில்லப்பா" என்றாள். அவள் பரவாயில்லை என்று சொன்னால் அழுதுவிட்டுப் பேசுகிறாள் என்று அர்த்தம். சுருளிவேல் மறுபடி தேனிக்கு பஸ் ஏறினார்.

"ஊரே கொடுத்தா நம்பமாட்டாங்க அங்கிள். ஒருத்தர் கொடுத்தா நம்புவாங்க" என்றாள் ஜெஸ்லின். "சொந்தத்துல யாராவது கடை வச்சிருக்காங்களா? இந்தப் பணத்தை எடுத்து அவர் கணக்குல போடுங்க. அவர் அன்பளிப்புன்னு எழுதி உங்களுக்கு மாத்தட்டும்."

"அவரு கணக்குக்கு எப்பிடி வந்துச்சுன்னு கேக்கமாட்டாகளா?"

"கேக்கமாட்டாங்க. வியாபாரிக்குப் பணம் வந்தா விற்பனை. விவசாயிக்குப் பணம் வந்தாத்தான் சந்தேகம்."

"அப்ப நெசத்தச் சொன்னா பொய்யாம். பொய்ய எழுதிக் குடுத்தா நெசமாம்."

"அப்படிச் சொல்லாதீங்க அங்கிள். இது பேர் டாக்குமெண்டேஷன்" என்றாள்.

சொந்தத்தில் கடை வைத்திருப்பது ஒரே ஆள்தான். தேனியிலிருந்து கம்பம் வரும் வழியெல்லாம் சுருளிவேல் வேறு ஆள் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார். ஊரார் தன் காதுக்கு வைத்த பணத்தை அந்தக் குல்லாய்க்காரனிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவன் போட்ட பிச்சை என்று கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குத் தோட்டத்துக் கிணற்றில் விழலாம். ஆனால் மகளுக்கு இருபத்தொன்பது நடக்கிறது. கம்பத்தில் இறங்கி நேராக இரும்புக்கடைக்கு நடந்தார்.

தமிழ்மாறன் முழுக்கக் கேட்டுவிட்டு, "எப்பண்ணே போகணும்?" என்று மட்டும் கேட்டார். இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது சுருளிவேலுக்கு நல்லதாகப் படவில்லை.

மறுநாள் வங்கியில் பணம் ஊர்வலம் போனது. மூன்றாம் கவுண்டரில் சுருளிவேல் கணக்கிலிருந்து எடுத்தார்கள். இரண்டு எட்டு நடந்து முதல் கவுண்டரில் தமிழ்மாறன் கணக்கில் கட்டினார்கள். அங்கிருந்து மறுபடி சுருளிவேல் கணக்குக்கு வர வேண்டும். மேலாளர் ஏசுதாசன் வெளியே வந்து இந்தக் காட்சியைக் கைகட்டிப் பார்த்தார். "இப்பத்தான் இந்தப் பணத்துக்கு ஒரு பின்னணி கிடைச்சிருக்கு. பின்னணி இல்லாத பணம் ரொம்ப ஆபத்து. அது உழைச்ச பணமாக்கூட இருக்கலாம்" என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு வேளை வந்தது. கவுண்டர்கள் மூடின. திரும்பிப் பார்த்தால் தமிழ்மாறனைக் காணவில்லை. போன் அடித்தால் அணைத்து வைத்திருந்தது.

சுருளிவேல் பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்தார். வாசலுக்குப் போனார். கையில் ஒரு துண்டுச்சீட்டு இல்லை. பதினாறு லட்சம் சகலையின் பெயரில் இருக்கிறது, சகலை ஊரில் இல்லை. கஸ்தூரியம்மாளும் ஒச்சப்பனும் வைத்த பணம். ஏமாற்றிவிட்டான் என்று போலீசுக்குப் போனால், எந்தப் பணம் என்று கேட்பார்கள். காது என்று சொல்ல வேண்டும்.

தேடிக்கொண்டு ரோட்டில் இறங்கினால், நாலு கடை தள்ளி நின்ற காருக்குள் குல்லாய் தெரிந்தது. தமிழ்மாறன் ஸ்டியரிங்கில் போனை வைத்துக்கொண்டு, பணம் வரவு வந்த குறுஞ்செய்தியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சுருளிவேல் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தூக்கிக்கிட்டு ஓடிட்டேன்னு நெனச்சீகளாண்ணே?"

"ஆமா."

"நானும் ஒரு நிமிசம் நெனச்சேன்." தமிழ்மாறன் சிரிக்கவில்லை. "கொஞ்ச நேரம் எங்கணக்குல இருக்கட்டுமேன்னுதான் வந்து உக்காந்தேன். இது பூராம் ஆளுக. ஒவ்வொரு நோட்டும் ஒரு ஆளு. எனக்கு எவன் வைப்பான்? நான் எவனுக்கு வச்சேன்? மகனுக்குக் காட்டுனதெல்லாம் வாடகைப் பணம்ண்ணே. அத வட்டிக்குக் குடுத்தவனுக்கு இன்னும் கட்டி முடிக்கல. அத்தன செலவுல எங்கைக்கு வந்தது இந்தக் கோட்டு ஒண்ணுதான். அதான் கழட்ட மனசு வரல."

சுருளிவேல் கார்க் கதவைச் சாத்தினார்.

"அன்னைக்கு ஒங்க விசேசத்துல மொய் மேசை பக்கத்துல நின்னேன்ல? பேரு படிக்கப் படிக்க எனக்கு வவுறு எரிஞ்சுச்சு. அம்பத்திமூணு வயசுக் காதுக்கு இம்புட்டுக் கூட்டமான்னு."

சுருளிவேலுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் சந்தோசம் வந்து இடம்பிடித்துக்கொண்டது. தன்னைப் பார்த்து ஒருவன் வயிறு எரிந்திருக்கிறான், அதுவும் இவன். இத்தனை வருடம் தான் பட்டதெல்லாம் ஒரு நொடியில் ஆறிப்போனது. "வா சகல, கவுண்டரு தெறந்திருப்பாக" என்று தோளில் கைபோட்டுக் கூட்டிப்போனார். கோட்டு மெத்தென்று இருந்தது.

இன்னொரு ஆறு மாதம் பணம் அசையாமல் கிடந்தது. பிறகு அனுமதி வந்தது. சிற்றப்பா தமிழ்மாறன் காட்டிய நிபந்தனையற்ற அன்பு தங்களை நெகிழவைத்தது என்று அந்த நாட்டுக்காரர்கள் எழுதியிருந்தார்கள். அன்று சாயங்காலமே சுருளிவேல் வங்கிக்குப் போய்ப் பணத்தை எடுக்க ஆரம்பித்தார். கஸ்தூரியம்மாள் பேரனுக்குப் பிந்தியாவது கொண்டுபோய் வைத்தார். போகாமல் விட்ட வீடுகளுக்கெல்லாம் போய், கூடப் போட்டு வைத்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாதிக்கு மேல் தீர்ந்தது. தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

டிக்கெட் போடப் போன இடத்தில் ஜெஸ்லின் தலையில் கைவைத்தாள்.

"ஏன் அங்கிள் எடுத்தீங்க? எறங்குற அன்னைக்கு ஏர்போர்ட்ல மறுபடி பதினாறு லட்சம் காட்டணும்."

"கெடச்சிருச்சுன்னு சொன்னியேம்மா!"

"கெடச்சது போறதுக்கு அனுமதி. இது எறங்குறதுக்கு."

"இதுக்கும் முத்திரைத்தாளு வேணுமா?"

"வேணாம். எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்கவே மாட்டாங்க. இருக்கான்னு மட்டும்தான் பாப்பாங்க."

"ஏன்?"

"அது வேற டிபார்ட்மெண்ட் அங்கிள்."

அன்று வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மாரீஸ்வரி, விடுப்பில் வந்திருந்த யுவராணி, தகவல் கேட்டு வந்த தமிழ்மாறனும் அவர் மனைவியும். ஒவ்வொருவர் கண்ணும் மெல்ல நகர்ந்து சுருளிவேலின் இடது காதில் போய் நின்றது. அவர் அதைக் கையால் பொத்திக்கொண்டார். "ஒரு ஆளுக்கு ரெண்டு தடவ காது குத்துனா ஊரு சிரிக்கும்" என்றார்.

தமிழ்மாறன் குல்லாயைப் பின்னுக்குத் தள்ளினார். அவர் காதை யாரும் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"எனக்கும் குத்தலண்ணே" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "எங்க வீட்டுல அப்ப வசதி இல்ல. ஆனா எனக்கு யாரு வருவாக?"

சுருளிவேல் மறுநாளே கிளம்பினார். கம்பம், கூடலூர், வருசநாடு என்று வீடு வீடாக ஏறினார். "எனக்கு வைக்கிறதா நெனச்சு அவனுக்கு வைங்க" என்று சொன்னார். தமிழ்மாறனின் தாய்மாமன் செத்துப்போய்விட்டதால் ஒச்சப்பனின் மடியையே இரவல் கேட்டார்கள். முதல் சந்தனம் தனக்குத்தான் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு ஒச்சப்பன் சம்மதித்தார். விழும் பணத்தில் வட்டிக்காரனுக்கு உள்ளதைக் கட்டிவிட்டு மிச்சத்தை யுவராணி கணக்கில் போடுவதாகத் தமிழ்மாறன் சொன்னார். இந்தமுறை யாரும் எந்தத் தாளிலும் எழுதவில்லை. இதுதான் அன்பளிப்பு, அதனாலேயே அந்த நாட்டுக்கு இது தெரியாது.

அதே மண்டபம். தமிழ்மாறன் மாமன் மடியில் ஏறுவதற்கு முன் கோட்டைக் கழற்றினார். யாரிடம் கொடுப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சுருளிவேல் கையில் கொடுத்தார். கம்பி இறங்கியபோது அவர் சத்தம் போடவில்லை. முதல் பெயர் மைக்கில் படிக்கப்பட்டபோதுதான் வாய்விட்டு அழுதார். இடது காதையும் தானே திருப்பிக் காட்டினார்.

சுருளிவேல் ஒரு தூணோரம் ஒதுங்கி, யாரும் பார்க்காதபோது கோட்டுக்குள் கையை நுழைத்தார். ஜிப்பை ஏற்றிவிட்டார். நன்றாகத்தான் இருந்தது. ஒரே நிமிடத்தில் வேர்த்து ஊற்றியது. கழற்றவில்லை. மைக்கில் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பந்தி நிரம்பி, அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலி பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாசலில் இன்னும் வண்டிகள் வந்து நின்றன. ஒரு காதுக்கு வந்த கூட்டத்தையும் இரண்டு காதுக்கு வந்த கூட்டத்தையும் அவர் மனசுக்குள் அளந்து பார்த்தார். அடிவயிற்றில் பழைய எரிச்சல் ஒன்று மெல்லத் தலைதூக்கியது.

யுவராணி ஓடிவந்தாள். அவள் முகம் இத்தனை வருடத்தில் பார்க்காத சிரிப்பாக இருந்தது. "அப்பா, சேந்துருச்சுப்பா! போதும், வெள்ளிக்கிழமை டிக்கெட் போட்டுரலாம்! ஏன்ப்பா இப்பிடி வேர்க்குது?"

"ஆத்தா, நெசத்தச் சொல்லு" என்றார் சுருளிவேல். "நம்ம விசேசத்தவிடக் கூட்டம் கூடவா இருக்கு?"

யுவராணி மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள். பந்தியைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டிருக்கும் அப்பாவைப் பார்த்தாள்.

"இல்லப்பா. நமக்குத்தான் கூட்டம் கூட" என்றாள்.

சுருளிவேல் வலது காதுக் கடுக்கனைத் திருகிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார்.

"முத்திரைத்தாள்ல எழுதித் தருவியா?" என்று கேட்டார்.